ஏழு மணிப் பால்

...அரை மாத்திரையோடு நிறுத்தியிருக்கலாம், முதல் வாரம் அரைதானே கொடுத்தேன், அரைக்கே வலி அடங்கிவிட்டதே, அப்புறம் எதற்கு முழு மாத்திரை, யார் கேட்டார்கள், அவளா கேட்டாள்... இந்தப் பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை, மூச்சு விட்டால்கூட ஆடுகிறது. எதிரே கதவு, கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு, விளக்கு எரியும்போது உள்ளே வரக்கூடாது என்று கீழே ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள், ஒட்டியவருக்கு என்ன அவசரமோ, ஒரு மூலை பிய்ந்து தொங்குகிறது, நானாக இருந்தால் நாலு மூலையையும் நகத்தால் அழுத்தித் தேய்த்திருப்பேன். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்தவன், ஆயிரக்கணக்கான பாட்டில்களுக்குப் பெயர் எழுதி ஒட்டியவன், பிள்ளைகள் எனக்கு வைத்த பெயரே லேபிள் சார், முதுகுக்குப் பின்னால்தான், ஆனாலும் தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பிடித்தும் இருந்தது. பெயர் ஒட்டாத பாட்டிலைத் தொடாதே, என்ன கலந்தாய் என்று எழுதி வைக்காமல் எதையும் கலக்காதே... எத்தனை பிள்ளைகளிடம் எத்தனை வருடம் இதையே சொல்லியிருப்பேன். அதே வாயை வைத்துக்கொண்டுதான் இன்று காலை ஒன்பதரை மணிக்கு, டாக்டர் கேட்டபோது, பேசாமல் நின்றேன்.

நின்றதோடு விட்டேனா, தலையை வேறு ஆட்டினேன். அந்த டாக்டர் சின்னப் பெண், என் மகளைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும், பேனாவைக் காதில் செருகியிருந்தாள், ஸ்ட்ரெச்சர் மேல் குனிந்து என் மனைவியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள், உள்ளே சிவப்பே இல்லை, கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. "வலி மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களாம்மா? முட்டி வலி, முதுகு வலின்னு ஏதாவது?" என்று கேட்டாள். "இல்லைம்மா, அதை நான் தொடறதே இல்லை" என்றாள் இவள். எழுந்து நிற்கத் தெம்பில்லாதவள், குரல் மட்டும் பிசிறில்லாமல் வந்தது. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடமாக அவள் காக்கும் கட்டுப்பாட்டுக்கு என்னைச் சாட்சி கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன், என் தலை தானாக ஆடியது, ஆமாம் டாக்டர், தொடுவதில்லை. பொய் சொல்ல வாய்கூட வேண்டியிருக்கவில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் நெஞ்சைத் திறந்து ஒரு வால்வை மாற்றினார்கள். சின்ன வயதில் வந்த ஏதோ ஒரு காய்ச்சல், மூட்டெல்லாம் வீங்கிச் சரியாகிவிட்டது என்று எல்லோரும் மறந்துபோன காய்ச்சல், ஐம்பது வருடம் கழித்து இதயத்துக்குள்ளிருந்து தலை நீட்டியது. வைத்தது உலோக வால்வு. வீடு அமைதியாக இருந்தால் அது கேட்கும், டிக், டிக், டிக், முதல் மாதம் எனக்குத் தூக்கமே வரவில்லை, அப்புறம் அது இல்லாமல் தூக்கம் வரவில்லை. மகள் சிரிப்பாள், "அம்மா, நீ எங்கே போய் ஒளிஞ்சாலும் கண்டுபிடிச்சிடலாம்." இவள் விடுவாளா, "உங்க அப்பாவுக்குக் கடிகாரம் வாங்கற செலவு மிச்சம், சாவிகூட கொடுக்க வேண்டாம்" என்பாள். அந்த வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க தினமும் ஒரு மாத்திரை, ரத்தத்தை நீர்க்க வைப்பது. அதைச் சாப்பிடுகிறவர்கள் வலி மாத்திரை பக்கமே போகக்கூடாது, வயிற்றில் ரத்தம் கசிந்தால் நிற்காது என்று அன்றைக்கே சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை என்ன, ஒரு லேபிள் எழுதியதுதான். வலி மாத்திரை கூடாது. கறுப்பு மை, ஒரே அளவு எழுத்து, ஃபிரிட்ஜ் கதவில் கண்ணுக்கு நேராக ஒட்டினேன், நாலு மூலையும் நகத்தால் தேய்த்து. இன்னும் பிய்யவில்லை. ஐம்பத்தெட்டு நாள் அந்தக் கதவைத் திறந்துதானே பால் எடுத்தேன்...

முட்டி அவளுக்குத் தையல் மிஷினால் போனது. நாற்பது வருடம் மிதித்த கால்கள், பள்ளிச் சீருடை, தலையணை உறை, அக்கம்பக்கத்துப் பெண்களின் ரவிக்கை, ராத்திரி பகல் என்று பார்க்காமல் மிதித்தாள், அதில்தான் மகள் படித்தாள், என் சம்பளம் வாடகைக்கும் வாய்க்கும் சரியாக இருந்தது. இரண்டு வருடமாக முட்டி மடங்கவில்லை. வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வாள், அவளுக்குத் தாங்காதது வேறு, தரையில் உட்கார்ந்து பிரார்த்தனை செய்ய முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், ஜன்னல் ஓரம், சுவரைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடுவாள், கால் மணி நேரம், உதடு மட்டும் அசையும், அந்த நேரத்தில் வீட்டில் டம்ளர் விழுந்தால்கூட எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருக்கும். முட்டி போன பிறகு நாற்காலி போட்டுக்கொண்டாள். "பெரிய இடத்துல போய் மனு கொடுக்கறப்ப நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டா கொடுப்பாங்க?" என்று ஒருநாள் சொன்னாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். காய்ச்சல் மாத்திரைதான் அவளுக்கு அனுமதி, அது அந்த வலிக்கு ஒன்றுமில்லை. தைலம், வெந்நீர் ஒத்தடம், துணிக் கட்டு, எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு மாலை நாற்காலியிலிருந்து எழும்போது "அம்மா" என்று ஒரு சத்தம், சின்னச் சத்தம்தான், எழுபத்தொரு வயதுக்காரி அம்மாவைக் கூப்பிடுகிறாள்... மறுநாள் மருந்துக்கடைக்குப் போனேன். யாருக்கு என்று கேட்டான் கடைக்காரன். எனக்குத்தான், இடுப்பு, என்றேன். முதல் பொய் அது, எவ்வளவு லேசாக வந்தது.

ஓய்வு பெற்ற அன்று ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து எனக்கு ஒரு வெள்ளைப் பீங்கான் கல்வம் கொடுத்தார்கள், குழவியோடு, ஆய்வகத்தில் இருப்பது மாதிரியே, ஆனால் புதிது. இத்தனை வருடம் ஷோகேஸில் இருந்தது. அதில்தான் மாத்திரையை அரைத்தேன். மாவாகும்வரை, விரலில் தேய்த்தால் தட்டுப்படாமல் போகும்வரை, இந்தக் கைக்குத் தெரிந்த வேலை அல்லவா. ஒரு ஸ்பூன் வெந்நீரில் கரைத்து, ஏழு மணிப் பாலில் ஊற்றிக் கலக்கினேன். கசப்பு தெரியக்கூடாது என்று சர்க்கரை இரண்டு ஸ்பூன், எப்போதும் அரைதான் போடுவோம். கை நடுங்கவேயில்லை. சரியாக அளந்தோம் என்ற ஒரு திருப்திகூட இருந்தது, கடவுளே, திருப்தி...

"ஐயா, காலைக் கொஞ்சம் தூக்கிக்கோங்க." துடைக்கிற அம்மா வந்துவிட்டாள். இதோடு மூன்றாவது முறை, அவள் துடைக்கத் துடைக்க யாராவது மிதித்துக்கொண்டு போகிறார்கள், முகம் சுளிக்கவில்லை. கால்களைத் தூக்கிக்கொண்டேன், பெஞ்சு ஆடியது. அவள் நின்று பார்த்தாள், பெஞ்சையும் என்னையும். போனாள், ஒரு மருந்து அட்டைப்பெட்டியைக் கிழித்துக்கொண்டு வந்தாள், மூன்றாக மடித்துக் குட்டைக் காலுக்குக் கீழே கொடுத்து உள்ளங்கையால் தட்டினாள். "காலையிலேருந்து பாக்கறேன், தொட்டில்ல போட்ட மாதிரி ஆடிக்கிட்டே இருக்கீங்க. இப்ப பாருங்க." ஆட்டம் நின்றுவிட்டது. இவ்வளவுதான், ஒரு அட்டைத் துண்டு, எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மூக்கை உறிஞ்சிச் சமாளித்தேன்...

மூன்றாம் நாளே தரையில் உட்கார்ந்தாள். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், நாற்காலி நகரும் சத்தம் கேட்கவில்லையே என்று எட்டிப் பார்த்தேன், ஜன்னல் ஓரம் தரையில் இருந்தாள், ஒரு கை சுவரில், மெதுவாக, கால் மடங்கிவிட்டது. முடித்து எழுந்து வந்து, "என்னங்க, கேட்டுட்டார்ங்க" என்றாள். அந்த முகத்தை நான் மகள் பிறந்த அன்றைக்குப் பார்த்தேன், அப்புறம் இப்போதுதான். மகளுக்குப் போன் போட்டுச் சொன்னாள், பக்கத்து வீட்டில் சொன்னாள், காய்கறி வண்டிக்காரனை நிறுத்தி வைத்துச் சொன்னாள், "விடாம கேட்டேன்ப்பா, ரெண்டு வருஷம் விடாம கேட்டேன்." நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். சொல்லியிருக்க வேண்டியது அன்றைக்கு. எப்படிச் சொல்வது, அவளுக்குக் கிடைத்தது மாத்திரை என்று எப்படிச் சொல்வது... கடவுள் என் கையைக் கருவியாக வைத்துக்கொண்டார் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன், நல்லது செய்கிறவனுக்கு எத்தனை சமாதானம் கைவசம் இருக்கிறது. பிறகு மழை வந்தது, மழைக்கு மறுபடி வலி கொஞ்சம் எட்டிப் பார்த்தது, அரை முழுதாயிற்று.

அதுவாவது ஆசையால் செய்தது. இதை எதில் சேர்ப்பேன்? ஒரு மாதத்தில் வெளுக்க ஆரம்பித்தாள், மாடிப்படி ஏறினால் இரைத்தது, தெருமுனை டாக்டரிடம் போனோம், ரத்தச் சோகை என்று இரும்பு மாத்திரை கொடுத்தார், வெளிக்குப் போவது கறுப்பாக இருக்கும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். பத்து நாள் கழித்து இவள் கூச்சத்தோடு, "தார் மாதிரி போகுதுங்க, ஒரு மாதிரி நாத்தம்" என்றாள். நான் என்ன செய்தேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பாடம் எடுத்தேன். இரும்பும் கந்தகமும் சேர்ந்தா கறுப்பாத்தாம்மா வரும், ஆய்வகத்தில நூறு தடவை பண்ணியிருக்கோம், என்றேன். அவள் நம்பினாள், நாற்பத்தாறு வருடமாக நம்புகிறவள். எந்தப் பாட்டிலையும் மூடியைத் திறந்த உடனே மூக்கால் அடையாளம் சொல்கிறவன் என்று எனக்குப் பெயர், இன்று காலை குளியலறையில் குழாயைப் பிடித்தபடி அவள் சரிந்து கிடந்தபோதுதான் அந்த நாற்றம் இரும்பின் நாற்றம் இல்லை என்று இந்த மூக்குக்குத் தெரிந்தது. உள்ளே கசிந்து கறுத்த ரத்தம். எத்தனை நாளாக...

போன் அடிக்கிறது. மகள். பஸ்ஸில் இருக்கிறாள், இன்னும் இரண்டு மணி நேரம். "அப்பா, அம்மா எப்படி இருக்கா? உள்ளேதான் இருக்காளா இன்னும்? நீங்க ஏதாவது சாப்பிட்டீங்களா? ... அந்தத் தெருமுனை டாக்டர் இருக்காரே, ஒழுங்கா பார்க்காம இரும்பு மாத்திரையைக் கொடுத்து அனுப்பிட்டாரே, வந்து அவரை உண்டு இல்லைன்னு பண்றேன், பாருங்க." பாவம் அந்த மனிதர், அன்றைக்கு அவரும்தான் கேட்டார், வேற மாத்திரை ஏதாவது உண்டா என்று, அன்றைக்கும் இவள் இல்லை என்றாள், நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அவரை ஒண்ணும் சொல்லாதே" என்றேன். "நீங்க எப்பவும் எல்லாருக்கும் நல்லவரு, வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டாள். எல்லோருக்கும் நல்லவர்.

துடைக்கிற அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு வண்டியிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்தாள், இரண்டும் ஒரே மாதிரி, பெயர் இல்லை. என்னையறியாமல் வாய் திறந்தது, "ரெண்டையும் ஒண்ணா ஊத்திடாதேம்மா." அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "தெரியும் ஐயா, பட்டுட்டுத்தான் நிக்கறேன். வந்த புதுசுல ரெண்டையும் ஊத்திட்டேன், சீக்கிரம் வெளுக்கும்னு ஆசை. புகை கிளம்பிச்சு பாருங்க, மூச்சு முட்டி விழுந்துட்டேன். டாக்டர் வந்து கேக்கறாரு, என்னத்தை ஊத்தினேன்னு. சொன்னா வேலை போயிடும்னு வாயைத் திறக்கலை. அப்புறம் உசிரு போச்சுன்னா வேலை எதுக்குன்னு சொல்லிட்டேன்." "அப்புறம்?" "அப்புறம் என்ன, அவருக்கு எதுக்கு எதைக் கொடுக்கணும்னு தெரிஞ்சுது, நான் பொழைச்சேன்." "வேலை?" அவள் துடைப்பானைத் தூக்கிக் காட்டினாள். "இதோ, இன்னும் தொடச்சு முடியலை." போய்விட்டாள். தரை ஈரமாக இருந்தது, அதில் சிவப்பு விளக்கு நீளமாக விழுந்து கிடந்தது, பார்த்துக்கொண்டே இருந்தேன், அணைந்துவிட்டது.

டாக்டர் வெளியே வந்தாள், பேனா இன்னும் காதில்தான் இருந்தது. எழுந்துவிட்டேன். "வயித்துல ரெண்டு புண் இருக்கு, ஐயா. ஒண்ணுல கசிஞ்சுக்கிட்டே இருந்துது, கிளிப் போட்டு நிறுத்தியிருக்கோம். இப்போதைக்குப் பரவாயில்லை." மூச்சு விட்டேன். அவள் விடவில்லை. "ஆனா எனக்கு ஒரு சந்தேகம். வால்வு நோய் இருக்கிற வயசானவங்களுக்குக் குடல்ல மெல்லிசான ரத்தக்குழாய் உடைஞ்சு கசியறதும் உண்டு. இவ்வளவு ரத்தம் போயிருக்கிறதுக்கு இந்தப் புண் மட்டும் காரணமா, உள்ளே வேற எங்கேயும் கசியுதா, தெரியலை. வேற எங்கேயோன்னா ரத்தம் நீர்க்கற மாத்திரையை ரொம்ப நாள் நிறுத்தி வைக்கணும். நிறுத்தினா அந்த வால்வுல ரத்தக்கட்டி வந்துடுமோன்னு பயம். கொடுத்தா கசிவு, நிறுத்தினா கட்டி. புண் ஏன் வந்துதுன்னு தெரிஞ்சாலாவது கொஞ்சம் தைரியமா முடிவு எடுப்பேன்." அவள் என்னிடம் பேசவில்லை, தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள், திரும்பப் போனாள். அந்த வால்வில் கட்டி வந்தால் டிக் டிக் நின்றுவிடும். என் வாயில் ஏதோ உலோகச் சுவை. "டாக்டர்" என்றேன், பின்னாலேயே இரண்டு அடி போனேன், "டாக்டரம்மா... நான் கொடுத்தேன். வலி மாத்திரை. பால்ல கலந்து. அவளுக்குத் தெரியாது."

திட்டுவாள் என்று நின்றேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவள் காதிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினாள், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தாளையும். "பேரு, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், எல்லாம் எழுதுங்க." சுவரில் வைத்து எழுதினேன். மாத்திரையின் பெயர். முதல் ஏழு நாள் அரை. பிறகு முழு மாத்திரை, ஐம்பத்தோரு நாள். தினமும் மாலை ஏழு மணி, பாலில். எழுத்து ஒரே அளவில் வந்தது. அவள் வாங்கிப் படித்துவிட்டு, "இவ்வளவு தெளிவா இங்கே யாரும் எழுதித் தர மாட்டாங்க" என்றாள். கொஞ்சம் யோசித்து, "இது தெரிஞ்சது நல்லது, ஐயா. புண்ணுக்கு மருந்து கொடுத்து ஆத்திட்டு, ரத்தம் நீர்க்கறதைச் சீக்கிரமே கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிச்சுடலாம்னு தோணுது. ரெண்டு நாள் பார்ப்போம். அம்மாகிட்ட நான் சொல்லப்போறதில்லை, நீங்களே சொல்லுங்க" என்றாள். அந்தச் சின்னப் பெண்ணுக்குக் கடவுள் எல்லாம் கொடுக்கட்டும். ஆனால் எப்படிச் சொல்வது... இருபது அடி நீளக் கூடத்தை நடந்து கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது, ஒவ்வொரு அடிக்கும் ஒரு வாக்கியம் யோசித்தேன், ஒன்றும் நிற்கவில்லை. உன் முட்டியை அவர் குணப்படுத்தவில்லை, நான்தான். உனக்குக் கிடைத்ததைப் பிடுங்க வந்திருக்கிறேன்.

கண்ணாடி ஜன்னல் ஓரப் படுக்கை. ஒரு கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது, மூன்றாவது பை, இன்னொரு கை போர்வைக்கு வெளியே, ஊசியே பிடிக்காத விரல்கள் மாதிரி வெளுத்துப்போய், நடுவிரலில் மட்டும் நாற்பது வருட ஊசியின் காய்ப்பு அப்படியே இருந்தது. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன். பக்கத்துப் படுக்கை மிஷின்களின் சத்தத்துக்கு நடுவே காதைத் தீட்டினேன், கேட்டது, டிக், டிக், கொஞ்சம் வேகமாக, ஆனால் கேட்டது. "ஏம்மா" என்றேன். கண்ணைத் திறந்தாள். "சாப்பிட்டீங்களா?" என்றாள், தொண்டை கரகரத்தது. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். "அப்புறம் சொல்லுங்க." மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். மூடியபடியே பேசினாள். "எப்போ பால் குடிக்கலாம்னு அந்தப் பொண்ணுகிட்ட கேட்டு வையுங்க... சர்க்கரை அரை ஸ்பூன் போதுங்க. பழையபடி."

பழையபடி... நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அவள் தூங்கிவிட்டாள், இந்த முறை நிஜமாகவே. கல்யாணமான நாளிலிருந்து டம்ளரில் கடைசி வாயை மிச்சம் வைக்கிறவள், அடியில் மண்டி இருக்கும் என்பாள், காப்பியோ பாலோ, ஒரு விரல் அளவு விட்டுத்தான் வைப்பாள், நான் எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறேன். இந்த ஐம்பத்தெட்டு நாளும் டம்ளர் காலியாகத்தான் வந்தது. கழுவ எடுக்கும்போது உள்ளே எட்டிப் பார்ப்பேன், வெள்ளையாக ஒரு துகள்கூட இருக்காது, நன்றாக அரைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அத்தனை இனிப்புப் பாலை முகம் சுளிக்காமல் எப்படிக் குடித்தாள், இனிப்பே ஆகாதவள், ஏன் ஒருநாள்கூடக் கேட்கவில்லை... ஷோகேஸில் கல்வம் இருந்த இடம் காலியாகத்தானே இருந்தது, தினமும் தூசி தட்டுகிறவள் அவள் அல்லவா. இன்று காலை, தொடறதே இல்லை என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தாளே, அது சாட்சிக்குக் கூப்பிட்ட பார்வைதானா... எழுப்பிக் கேட்கலாம், கேட்க மாட்டேன். போர்வைக்கு வெளியே இருந்த கையை எடுத்து உள்ளே வைத்தேன், குளிர்ந்திருந்தது. ஐம்பத்தெட்டு மாலை, பாலைக் குடித்து முடித்த பிறகுதானே போய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள், கண்ணை மூடி, கால் மணி நேரம், உதடு மட்டும் அசைய... நன்றி சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாருக்காக என்ன கேட்டுக்கொண்டிருந்தாள்?